தஜிகிஸ்தானின் கிழக்குப் பாதி ஏன் தனியாகக் குறிக்கப்படுகிறது?

தஜிகிஸ்தானின் வரைபடத்தில் கிழக்குப் பாதி முழுவதும் "மலைப் பதக்சான் தன்னாட்சிப் பகுதி" என்று தனி நிறத்தில் இருக்கிறதே, அது தனி நாடா, அங்கே வாழ்பவர்கள் தஜிக்குகளா, வேறு இனத்தவரா, ஒருநாள் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தனி நாடு அல்ல. அதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நாட்டின் நிலத்தில் ஏறத்தாழப் பாதியை அடைத்துக்கொண்டு, மக்கள்தொகையில் நூற்றுக்கு மூன்று பேரைக்கூடக் கொண்டிராத ஒரு பகுதிக்கு எதற்காகத் தன்னாட்சி, அந்தச் சொல்லுக்கு அங்கே உண்மையில் என்ன பொருள் என்பதே அது. நான் புவியியல் படித்தவன். மலைப்பகுதிப் பாசனப் பணிகளுக்காக மூன்று கோடைகள் அப்பகுதியின் தலைநகரான கோரோக்கிலும் பர்தங் பள்ளத்தாக்கிலும் தங்கியிருந்தேன். அங்குள்ளவர்களோடு ரஷ்ய மொழியில்தான் பேசினேன். ஆகவே நிலத்தையும் நீரையும் பற்றிச் சொல்வதை என் பொறுப்பில் சொல்கிறேன். மொழிகளைப் பற்றிச் சொல்வது மொழியியலாளர்களிடம் கற்றது.

பரப்பு சுமார் 64,000 சதுர கிலோமீட்டர். தஜிகிஸ்தானின் நிலத்தில் 45 விழுக்காடு. மக்கள் ஏறக்குறைய இரண்டேகால் இலட்சம். வடக்கே கிர்கிஸ்தான், கிழக்கே சீனா, தெற்கிலும் மேற்கிலும் ஆப்கானிஸ்தான். தெற்கே வாகான் என்ற ஒடுங்கிய ஆப்கானியத் துண்டைக் கடந்துவிட்டால் பாகிஸ்தான். வடமேற்கில் மட்டும்தான் சொந்த நாட்டோடு ஒட்டியிருக்கிறது, அந்த ஒட்டும் பலவீனமானது. தலைநகர் துஷான்பேயிலிருந்து கோரோக்குக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலை. அதில் பெரும்பகுதி ஆப்கான் எல்லையை உரசிக்கொண்டே போகிறது. நான் போன காலத்தில் சிறு விமானம் ஒன்று இருந்தது. அது உச்சிகளுக்கு மேலே அல்ல, உச்சிகளுக்கு நடுவே பறக்கும் என்பதால் வானம் தெளிந்தால்தான் கிளம்பும். முதல்முறை நான்கு நாள் காத்திருந்து பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினேன். பதினெட்டு மணி நேரம் ஆயிற்று.

இந்தப் பகுதியை ஒரே நிலமாக நினைப்பதுதான் வரைபடம் பார்ப்பவர்கள் செய்யும் முதல் பிழை. மேற்குப் பாதி செங்குத்தாக வெட்டப்பட்ட பள்ளத்தாக்குகளால் ஆனது. பஞ்ச் ஆறும், அதில் வந்து விழும் வஞ்ச், யஸ்குலாம், பர்தங், குண்ட் ஆகிய ஆறுகளும் அறுத்த ஆழமான இடுக்குகள் அவை. ஷாக்தரா ஆறு கோரோக்கில் குண்டோடு சேர்கிறது. கோரோக் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மக்களில் பெரும்பாலோர் இந்த மேற்கில்தான் இருக்கிறார்கள். கிழக்குப் பாதி 3,600 மீட்டருக்கு மேற்பட்ட வறண்ட மேட்டுநிலம். மரம் கிடையாது, மழை பாலைவன அளவுதான், முர்காப் என்ற சிற்றூரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சாம்பல் நிறச் சரளை. மொத்தப் பரப்பில் பாதிக்கு மேல் இந்த முர்காப் மாவட்டமே. அங்கே வாழ்வோர் பெரும்பாலும் கிர்கிஸ் மக்கள், எண்ணிக்கையில் பதினைந்தாயிரம் பேர் அளவில்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் நிற்க வேண்டும். "பாமிர்" என்பது முதலில் ஒரு மலைத்தொடரின் பெயர் அல்ல. பனியாறுகள் அகழ்ந்து விட்டுப்போன, அகன்று தட்டையான உயர் பள்ளத்தாக்கைக் குறிக்கும் பொதுச்சொல். கோடையில் புல் முளைக்கும், மந்தை மேயும். அதுதான் ஒரு பாமிர். இத்தகைய பாமிர்கள் பல உண்டு, எல்லாம் கிழக்கில்தான். ஆனால் உலகம் "பாமிரிகள்" என்று அழைப்பது மேற்குப் பள்ளத்தாக்குகளில் உழுது வாழும் மக்களை. உண்மையான பாமிர்களில் யாக் மாடும் ஆடும் மேய்க்கும் கிர்கிஸ் மக்களை யாரும் பாமிரிகள் என்று சொல்வதில்லை. நிலத்தின் பெயர் ஒரு பக்கம், மக்களின் பெயர் மறுபக்கம். "பதக்சான்" என்ற பெயரும் அப்படித்தான்: அது பஞ்ச் ஆற்றின் இரு கரையிலும் பரந்திருந்த பழைய நாட்டின் பெயர், அதன் பெரும்பகுதி இன்று ஆப்கானிஸ்தானின் பதக்சான் மாகாணம், அதன் தலைநகர் ஃபைசாபாத்.

மேற்குப் பள்ளத்தாக்கில் ஊர் என்பது எங்கே அமைகிறது என்று பார்த்தாலே அந்த வாழ்க்கை புரிந்துவிடும். பக்கவாட்டு ஓடை ஒன்று மலையிலிருந்து இறங்கி, ஆற்றோரத்தில் விசிறி வடிவத்தில் மண்ணைக் கொட்டியிருக்கும். பள்ளத்தாக்கில் உழத்தக்க நிலம் அந்த விசிறி மட்டும்தான். அதன் மேல்நுனியில் ஓடையை மறித்து, பாறையின் இடுப்பைச் சுற்றிக் கைவாய்க்கால் வெட்டி, கோதுமை, உருளைக்கிழங்கு, வாதுமை மரங்கள், முசுக்கட்டை மரங்கள் எல்லாவற்றுக்கும் முறைவைத்து நீர் விடுகிறார்கள். கீழே பெருவெள்ளமாக ஓடும் ஆறு பாசனத்துக்கு ஏறக்குறையப் பயன்படுவதே இல்லை. அது வயலுக்கு மிகக் கீழே கிடக்கிறது. பர்தங்கில் காய்ந்த முசுக்கட்டைப் பழத்தை மாவாக இடித்து வைத்துக்கொள்வார்கள். பஞ்ச காலத்தில் அந்த இனிப்பு மாவுதான் உணவு. காலை உணவு ஷீர் சாய்: பாலும் உப்பும் சேர்த்துக் கொதித்த தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி, வெண்ணெய்க் கட்டி ஒன்றைப் போட்டு, ரொட்டியைப் பிட்டுப் பிட்டு ஊறவைத்து உண்பது. சர்க்கரையை எதிர்பார்த்து முதல் வாய் குடித்த நான் விழித்த விழிப்பைப் பார்த்து அந்த வீட்டுப் பாட்டி வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டையும் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் மண்பூசிய தட்டைக் கூரைப் பெட்டி. உள்ளே ஒரே பெரிய அறை, சுவரை ஒட்டிச் சுற்றிலும் திண்ணைகள், நடுவே பள்ளம், ஐந்து மரத்தூண்கள். முகம்மது, அலி, ஃபாத்திமா, ஹசன், ஹுசைன் என்று ஒவ்வொரு தூணுக்கும் ஒரு பெயர். கூரையின் நடுவே, ஒன்றுக்குள் ஒன்று திருப்பி அடுக்கிய நான்கு மரச்சதுரங்கள் வழியாக வெளிச்சம் இறங்கும். நிலம், நீர், நெருப்பு, காற்று என்ற நான்கு பூதங்கள் அவை என்பார்கள். தூண்களுக்கு இப்பெயர்கள் வழங்குவது உறுதி. ஆனால் இந்த வீட்டு அமைப்பு இஸ்லாத்துக்கு முந்திய ஜரதுஷ்டிர மரபிலிருந்து வந்தது என்றும், ஐந்து தூண்களும் முதலில் ஐந்து பழந்தெய்வங்கள் என்றும் பயண நூல்களில் அடித்துச் சொல்லப்படுவதை நான் அந்த அளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அதற்கு நேரடிச் சான்று மெல்லியது. சதுரங்களை அடுக்கிக் கூரை மூடும் முறை காஷ்மீர் முதல் காகசஸ் வரை பல மலைநாடுகளில் உண்டு.

இனி அம்மக்கள் யார் என்பது. மேற்குப் பள்ளத்தாக்குகளின் மொழிகள் ஈரானியக் குடும்பத்தின் கிழக்குக் கிளையைச் சேர்ந்தவை. தஜிக் மொழியோ பாரசீகத்தின் ஒரு வடிவம், மேற்குக் கிளையைச் சேர்ந்தது. ஆகவே ஷுக்னி மொழி பேசுபவர் பேசுவதைத் தஜிக் மட்டுமே தெரிந்தவரால் பின்தொடர முடியாது. ஷுக்னிதான் பெரிய மொழி, கோரோக் நகரின் மொழி. ருஷானியும் பர்தங்கியும் அதற்கு நெருங்கிய உறவு. யஸ்குலாமி சற்று விலகியது. தெற்கே வாகானில் பேசும் வாகி, இஷ்காஷிமி இரண்டும் முற்றிலும் தனி. வாகியில் நாவை மடித்து எழுப்பும் டகர ஒலிகள் உண்டு. ரஷ்ய நண்பர்கள் திணறிய இடத்தில் தமிழ் நாக்கு எளிதாகத் திரும்பியது எனக்கு ஒரு சிறு பெருமை. வஞ்ச் பள்ளத்தாக்கிலும் இத்தகைய மொழி ஒன்று இருந்தது; 19ஆம் நூற்றாண்டில் அது மறைந்துபோய் இன்று அங்கே தஜிக்கே வழங்குகிறது. இம்மொழிகள் எதுவும் பள்ளியின் பயிற்றுமொழி அல்ல. 1930களில் ஷுக்னிக்கு இலத்தீன் எழுத்து வகுத்துப் பாடநூல்கள் அச்சிட்டார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு மொழியையும் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று நீங்கள் பார்க்கும் எண்கள் எல்லாம் மதிப்பீடுகள்தான், ஏனெனில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பாமிரிகள் தஜிக்குகளாகவே எண்ணப்படுகிறார்கள்.

மதத்திலும் வேறுபாடு உண்டு. தஜிக்குகளில் பெரும்பாலோர் சன்னி முஸ்லிம்கள். ஷுக்னான், ருஷான், பர்தங், வாகான் மக்கள் ஷியாப் பிரிவின் நிஜாரி இஸ்மாயிலிகள், ஆகா கானைத் தங்கள் இமாமாக ஏற்பவர்கள். பாரசீகக் கவிஞரும் மெய்யியலாளருமான நாசிர் குஸ்ரவ் 11ஆம் நூற்றாண்டில் பதக்சானின் யும்கானில் தஞ்சமடைந்து வாழ்ந்தார். அவரே இந்த நெறியைக் கொண்டுவந்தார் என்பது மக்கள் நம்பிக்கை. அவர் அங்கு வாழ்ந்தது வரலாறு. மலைகள் முழுவதையும் அவர் ஒருவரே மாற்றினார் என்பது பின்னால் வளர்ந்த கதையாக இருக்கக்கூடும். ஒன்றைக் கவனியுங்கள்: தன்னாட்சிப் பகுதியில் எல்லோரும் பாமிரிகளும் அல்லர், எல்லோரும் இஸ்மாயிலிகளும் அல்லர். வடமேற்கே தர்வாஸும் வஞ்சும் தஜிக் பேசும் சன்னி ஊர்கள். யஸ்குலாமில் மொழி பாமிரி, மதம் சன்னி. கிழக்கே கிர்கிஸ் மக்களும் சன்னிகள். நீங்கள் யாரென்று கேட்டால், கேட்கும் இடத்துக்கு ஏற்பப் பதில் மாறும். மாஸ்கோவில் வேலை செய்யும் இளைஞர் அங்கே தன்னைத் தஜிக் என்பார், துஷான்பேயில் பாமிரி என்பார், கோரோக்கில் ருஷானி என்பார்.

எல்லைக்கு வருகிறேன். பஞ்ச் என்றால் பஞ்சாபில் உள்ள அதே ஐந்து. பாமிர் ஆறும் வாகான் ஆறும் கூடிப் பஞ்ச் ஆகி, கீழே வக்ஷ் ஆற்றோடு சேர்ந்து அமு தரியா ஆகிறது. 1873இலும் 1895இலும் பிரிட்டனும் ரஷ்யாவும் செய்துகொண்ட உடன்பாடுகளில் இந்த ஆறு எல்லையாயிற்று. இரு பேரரசுகளும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக வாகான் துண்டை ஆப்கானிஸ்தானிடம் விட்டுவைத்தார்கள். ஆற்றின் இரு கரையிலும் ஷுக்னான், இரு கரையிலும் ருஷான், இரு கரையிலும் வாகான் என்று அதே மக்கள்தான் இருந்தார்கள். சோவியத் ஆட்சி எல்லையை இறுக மூடும் வரை ஆற்றைக் கடந்து பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். கோரோக்குக்கு மேற்கே ஆறு சில இடங்களில் கல்லெறி தூரம்தான். அக்கரையில் கழுதை ஓட்டிப் போகும் சிறுவனின் சட்டை நிறம் தெரியும். எனக்கு வாகனம் ஓட்டிய பெரியவர் அக்கரை ஊர் ஒன்றைக் காட்டி, தன் பாட்டியின் தங்கை அங்கே வாழ்ந்து மறைந்தாள், இறந்த செய்தி இருபது ஆண்டு கழித்துத்தான் வந்தது என்றார். 2002இல் கோரோக் அருகே தேம் என்ற இடத்தில் பாலம் திறந்தார்கள்; தொடர்ந்து தர்வாஸ், இஷ்காஷிம், வஞ்ச் பகுதிகளிலும் பாலங்கள் வந்தன. சனிக்கிழமைகளில் பாலத்தடியில் இருநாட்டவரும் விசா இல்லாமல் கூடும் சந்தை நடந்தது. 2021 ஆகஸ்டில் தாலிபான் ஆட்சிக்கு வந்தபின் சந்தைகள் மூடிக் கிடந்து, பின்னர் சில மட்டும் திறந்தன.

தன்னாட்சி எப்படி வந்தது? 1925 ஜனவரி 2 அன்று சோவியத் அரசு இதை அறிவித்தது. அப்போது தஜிகிஸ்தானே உஸ்பெக் குடியரசுக்குள் ஒரு தன்னாட்சிக் குடியரசு. 1929இல் தஜிகிஸ்தான் முழுக் குடியரசானபோது இந்தப் பகுதி அதற்குள் தொடர்ந்தது. ஏன் தந்தார்கள் என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த கருத்து கொண்டவர்கள் அல்லர். மொழியும் மதமும் வேறு என்பது ஒரு காரணம். ஆப்கானிஸ்தானிலும் பிரிட்டிஷ் இந்தியாவிலும் இருந்த இஸ்மாயிலிகளுக்குச் சோவியத் வாழ்வைக் காட்டும் கண்ணாடிச் சன்னலாக வைத்தார்கள் என்பது இன்னொன்று. என் மதிப்பில் இரண்டாவதற்கே எடை அதிகம், ஏனெனில் பின்னால் வந்த செலவு அப்படி. கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து கோரோக் வரை 1930களில் நெடுஞ்சாலை போட்டார்கள். அது 4,655 மீட்டர் உயரத்தில் அக்-பைத்தால் கணவாயைக் கடக்கிறது. "மாஸ்கோ வழங்கல்" என்ற தனி ஏற்பாட்டில் உணவும் எரிபொருளும் ஏறி வந்தன. அதே அரசுதான் 1950களில் யஸ்குலாம், பர்தங் குடும்பங்களைப் பருத்தி வயல்களுக்காகத் தெற்கே வக்ஷ் சமவெளிக்குப் பெயர்த்துக்கொண்டு போனது.

இன்றைய அரசியலமைப்பில் தன்னாட்சிக்கென ஓர் அத்தியாயமே இருக்கிறது. பகுதியின் நிலத்தை அதன் மக்கள் பிரதிநிதிகள் அவையின் ஒப்புதலின்றி மாற்ற முடியாது. நாடாளுமன்றத்தில் சட்ட முன்வரைவு கொண்டுவர அந்த அவைக்கு உரிமை உண்டு. அரசியலமைப்பு நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் ஒருவர் இப்பகுதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஆனால் பகுதித் தலைவரை நியமிப்பவர் நாட்டின் அதிபர். பாதுகாப்பு, காவல், நிதி எல்லாம் துஷான்பேயின் கையில். ஆகவே எழுத்தில் இருப்பது ஒரு காப்பு, நடைமுறையில் இருப்பது ஒரு மாகாணம். சீன எல்லை விவகாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முர்காப் மாவட்டத்தின் கிழக்கோரத்தில் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டரைச் சீனாவுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தை 2011இல் நாடாளுமன்றம் உறுதிசெய்தது. சீனா கேட்டது 28,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் என்பதால் அரசு அதை வெற்றி என்றது. அந்தப் பக்கத்தில் மந்தை ஓட்டியவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

1992இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் பாமிரிகள் பெரும்பாலும் அரசை எதிர்த்த தரப்பில் நின்றார்கள். துஷான்பேயிலும் வக்ஷ் சமவெளியிலும் பிறந்த ஊரை வைத்தே அடையாளம் கண்டு கொல்லப்பட்டார்கள். உயிர் பிழைத்தவர்கள் மலைக்குத் திரும்பினார்கள். மாஸ்கோ வழங்கல் நின்றுபோன அதே வேளையில் சாலையும் அடைபட்டது. 1993 முதல் ஆகா கான் அறக்கட்டளை ஓஷ் வழியாக மாவு லாரிகளை அனுப்பியது. இதை நான் கேட்ட எல்லா வீடுகளிலும் ஒரே குரலில் சொன்னார்கள். 1995இல் நான்காம் ஆகா கான் முதல்முறை வந்தபோது திரண்ட கூட்டத்தை இன்றும் நேற்று நடந்ததுபோல விவரிப்பார்கள். அவர் 2025 பிப்ரவரியில் காலமாகி, மகன் ரஹீம் ஐந்தாம் ஆகா கானாகியிருக்கிறார். பிறகு மின்நிலையம், பாலங்கள், கோரோக்கில் நடு ஆசியப் பல்கலைக்கழக வளாகம் என்று ஆகா கான் அமைப்புகளே பாதி அரசாகச் செயல்பட்டன. துஷான்பே அதை இரசிக்கவில்லை. 2012இல் கோரோக்கில் இராணுவ நடவடிக்கை. 2021 நவம்பரில் ஓர் இளைஞர் கொல்லப்பட்டதை எதிர்த்துப் பெரும் போராட்டம், தொடர்ந்து பல மாதங்கள் இணையத் துண்டிப்பு. 2022 மே மாதம் கோரோக்கிலும் ருஷானிலும் பலர் பலி, அதன்பின் கைதுகளும் நீண்ட சிறைத் தண்டனைகளும். அரசு இவற்றைப் பயங்கரவாத எதிர்ப்பு என்றது. மனித உரிமை அமைப்புகள் நிராயுதபாணிகள் கொல்லப்பட்டதைப் பதிவுசெய்தன. அக்காலத்தில் நான் அங்கில்லை. படித்ததையும் வெளிநாட்டில் இருக்கும் பழைய நண்பர்கள் சொன்னதையும் வைத்தே எழுதுகிறேன்.

என் துறை சார்ந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 1911 பிப்ரவரி 18 அன்று நிலநடுக்கத்தில் மலைச்சரிவு ஒன்று உடைந்து உசோய் என்ற ஊரை மூடி, பர்தங் ஆற்றின் மேல்பகுதியான முர்காப் ஆற்றை அடைத்தது. அந்த இயற்கை அணை ஏறத்தாழ 567 மீட்டர் உயரம். பின்னால் தேங்கிய சரேஸ் ஏரி சுமார் 60 கிலோமீட்டர் நீளம். சரேஸ் ஊரும் அதற்குள் மூழ்கியது. அணை உடைந்தால் பர்தங் முழுவதும் போய்விடும் என்பதில் ஐயமில்லை. அணை உடையுமா என்பதில்தான் ஐயம். நூறாண்டுக்கு மேல் அது நீரைக் கசியவிட்டபடியே நிலைத்து நிற்கிறது. வலக்கரைச் சரிவு ஏரிக்குள் இடிந்து பேரலை எழுப்பக்கூடும் என்பதே நிபுணர்களின் அச்சம். 2000களில் எச்சரிக்கைக் கருவிகள் பொருத்தினார்கள். பர்தங்கில் நான் தங்கிய ஊரில், சங்கொலி கேட்டால் எந்த மேட்டுக்கு ஓட வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது.

போக முடியுமா என்றால், முடியும். வெளிநாட்டவருக்கு, தஜிகிஸ்தான் விசா வேண்டியிருந்தால் அதோடு, இந்தப் பகுதிக்கென்று தனி அனுமதியும் வேண்டும். பதற்றமான காலங்களில் அதைத் தருவதை நிறுத்திவிடுவார்கள். ஆகவே பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் அதை உறுதிசெய்துகொள்ளுங்கள். துஷான்பே வழியாக வந்து கோரோக்கில் மூன்று நாளாவது இருந்துவிட்டு அதன்பின் முர்காப்புக்கு ஏறுங்கள். ஓஷ் பக்கமிருந்து நேரே ஏறினால் உடல் உயரத்துக்குப் பழகுமுன் அக்-பைத்தால் வந்துவிடும். முர்காப் கடைத்தெரு முழுவதும் பழைய சரக்குப் பெட்டகங்களால் ஆனது. மாலை நான்கு மணிக்குள் கதவை இழுத்துப் பூட்டிவிடுவார்கள், தண்ணீரும் ரொட்டியும் அதற்குள் வாங்கிக்கொள்ளுங்கள்.